14 மீட்டரில் ரூஃப், நடுவே கை கிராக்: கயிற்றை எப்படி ஓட விடுவது?

கருங்கல்_கை கேட்டது:

வணக்கம். ஏறப்போகும் பாறை 25 மீட்டர் ஒற்றை பிட்ச் (ஒரே கயிற்று நீளத்தில் ஏறி முடிப்பது), முழுக்க டிராட் (பாதுகாப்புக் கருவிகளை ஏறும்போதே வைத்துக்கொள்வது), உச்சியில்கூட போல்ட் (பாறையில் நிரந்தரமாகப் பதித்த ஆணி) கிடையாது. கிரேடு (கடின அளவு) 5.9. தரையிலிருந்து 6 மீட்டர் வரை சாய்ந்த ஸ்லாப், அதன் முடிவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குத் திட்டு. திட்டிலிருந்து 14 மீட்டர் வரை செங்குத்தான உள்மூலை, விரல் அளவில் தொடங்கிக் கை அளவுக்கு அகலமாகும் கிராக் (விரிசல்). 14இல் ரூஃப் (கூரைபோல் தலைக்கு மேல் நீளும் பாறை), சுமார் 1.5 மீட்டர் வெளியே நீள்கிறது, அடிப்பக்கம் தட்டை. அதே கிராக் ரூஃபைப் பிளந்துகொண்டு விளிம்பு வரை வருகிறது. விளிம்புக்கு மேல் 2 மீட்டருக்குக் கொஞ்சம் அகலம், பிறகு விரல் அளவுக்கு ஒடுங்கி உச்சி வரை போகிறது.

ரூஃப் இல்லாத 5.9 கிராக்குகளை லீட் செய்வதில் (முதல் ஆளாகக் கயிற்றை மேலே கொண்டுபோவதில்) பிரச்சினை இல்லை. கையில் இருப்பது 9.8 மி.மீ. 60 மீட்டர் ஒற்றைக் கயிறு, ஒரு செட் நட் (கிராக்கின் ஒடுக்கத்தில் சொருகும் உலோக ஆப்பு), கேமலாட் (கிராக்குக்குள் விரிந்து பிடிக்கும் கேம், எண் அதன் அளவு) 0.3 முதல் 3 வரை ஒவ்வொன்று, 60 செ.மீ. ஸ்லிங் (வார் வளையம்) எட்டு, 120 இரண்டு, ஐந்தாறு குயிக்ட்ரா (இரு முனையிலும் கராபினர் எனும் கொக்கி வளையம் கொண்ட குட்டை வார்).

மூலையில் வைக்கும் கேமை எவ்வளவு நீட்டுவது, விளிம்பில் எங்கே வைப்பது, ரூஃபுக்கு அடியில் உடம்பை எப்படி நகர்த்துவது? மூன்றிலும் தெளிவு வேண்டும். செகண்டாக (லீடருக்குப் பின் ஏறி, வைத்த கருவிகளை எடுத்துக்கொண்டு) வருபவர் ஏறுவதில் கெட்டி, ஆனால் ரூஃபுக்குப் புதுசு.

---

ஓடுகயிறு எழுதியது:

இந்த மாதிரி ரூட்டில் முதலில் தீர்க்க வேண்டியது கயிற்றின் பாதை. கயிறு திரும்பும் ஒவ்வொரு இடமும் இழுவையைக் கூட்டுவதோடு நிற்பதில்லை, முன்னால் சேர்ந்திருக்கும் இழுவையைப் பெருக்குகிறது. அதனால் ‘எத்தனை கராபினர்’ என்று எண்ணுவதைவிட ‘மொத்தம் எத்தனை டிகிரி திரும்புகிறது’ என்று பாருங்கள்.

மூலையில் ரூஃபை ஒட்டி ஒரு கேம் வைத்துக் குயிக்ட்ராவில் மாட்டினால், மேலே வந்த கயிறு 90 டிகிரி திரும்பி ரூஃபுக்கு அடியில் கிடைமட்டமாக ஓடும். விளிம்பில் இன்னொரு 90. ஆக 180. கராபினர்களில் மட்டும் 180 டிகிரி திரும்பினாலே இழுக்க வேண்டிய விசை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். விளிம்பில் கயிறு நேரடியாகப் பாறையில் உரசினால் அதைவிட மோசம். மேலே இன்னும் 11 மீட்டர் ஏற வேண்டிய ரூட்டில் இது விளையாட்டில்லை. விரல் கிராக்கில் ஒரு கையில் நின்றுகொண்டு, கிளிப் செய்ய (கயிற்றைக் கராபினரில் மாட்ட) அரை மீட்டர் கயிற்றைப் பல்லைக் கடித்து இழுக்க வேண்டியிருக்கும்.

அதே மூலைக் கேமை 120இல் நீட்டினால் அதன் கராபினர் தானாகவே விளிம்பை நோக்கி இழுபட்டு நிற்கும். கயிறு உள்மூலையிலிருந்து விளிம்புக்குக் குறுக்குக் கோடாகப் போகும், மொத்தத் திருப்பம் 80 டிகிரிக்குள் அடங்கும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மூலைக்குக் கீழே இருக்கும் இரண்டு பாதுகாப்பையும் 60இல் நீட்டியிருக்க வேண்டும். மூலைக் கேமுக்கு மட்டும் நீள ஸ்லிங் போட்டுவிட்டு, அதற்கு ஒரு மீட்டர் கீழே குயிக்ட்ரா போட்டால் கயிறு அங்கேயே மடங்கும், நீட்டியதற்குப் பலன் இருக்காது. ரூஃபுக்கான ஏற்பாடு ரூஃபுக்கு மூன்று மீட்டர் கீழேயே தொடங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளிம்புக்கு வருவோம். இங்கே மூன்று விஷயம் தவறலாம்.

முதலாவது, கராபினர் விளிம்பின்மேல் குறுக்கே கிடப்பது. நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்று சோதிக்கப்படும் கராபினர், பாறை முனையில் வளைந்து சுமை வாங்கினால் அந்தக் கணக்குக்குள் வராது. கேட் (கராபினரின் திறக்கும் பக்கம்) பாறையில் அழுந்தித் திறந்துகொண்டால் 7 தாங்கினாலே பெரிது. ஸ்லிங் நீளத்தை மாற்றி, கராபினர் முழுசாக விளிம்புக்குக் கீழே தொங்கும்படியோ முழுசாக மேலே இருக்கும்படியோ வையுங்கள். பாதிப்பாதி கூடாது. கீழே தொங்கவிட்டால் முனையில் படிவது ஸ்லிங்தான், எனவே அந்த ஒரு இடத்தில் மெல்லிய டைனீமாவைவிட அகலமான நைலான் ஸ்லிங் நல்லது. முனையைக் கையால் தடவிப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் விளிம்புக்கு 15–20 செ.மீ. உள்ளே, ரூஃப் கிராக்கிலேயே வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, விளிம்பில் கிராக் வெளிப்பக்கமாக விரிந்து ‘வி’ வடிவில் இருந்தால் நீங்கள் மேலே ஏற ஏறக் கயிறு அந்தப் பிளவுக்குள் இறங்கிச் சிக்கும். ஒருமுறை சிக்கினால் மேலேயிருந்து எவ்வளவு இழுத்தாலும் வராது, இழுக்க இழுக்க இறுகும். இதற்குக் கைவசம் இருக்கிற நல்ல வழி, அந்தப் பிளவின் வாயிலேயே ஒரு கேமை வைத்து அடைப்பது. கயிறு அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

மூன்றாவது, கேம் ‘நடப்பது’. ரூஃப் கிராக் கீழ்நோக்கித் திறந்திருக்கிறது, விழுந்தால் விசை நேராகக் கிராக்கின் வாய்ப்பக்கம்தான் இழுக்கும். ஒடுக்கம் இல்லாவிட்டால் நட்டுக்கு அங்கே வேலை இல்லை. கேம் மட்டும்தான் நிற்கும், அதுவும் உராய்வால் மட்டும். கேமின் வளைவு, தான் வாங்கும் சுமையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விசையால் இரண்டு சுவரையும் தள்ளும்படி அமைக்கப்பட்டது. ஈரமோ பாசியோ மண்ணோ இருந்தால் அந்தக் கணக்குப் பொய்க்கும். அதோடு, ஓடும் கயிறு தண்டை ஆட்டிக்கொண்டே இருந்தால் கேம் உள்ளே நகர்ந்து அகலமான இடத்தில் விரிந்துவிடும். ரூஃபில் ஸ்லிங் நீட்டுவதற்கு இழுவை ஒரு காரணம், இது இன்னொரு காரணம். கேமின் இறக்கைகள் (சுவரில் அழுந்தும் வளைந்த பாகங்கள்) பாதிக்கு மேல், முக்கால்வாசி வரை சுருங்கியிருக்கட்டும். தண்டு நேராகக் கீழே தொங்கட்டும். முழுசாகச் சுருக்கித் திணித்தால் செகண்டால் எடுக்க முடியாது.

உங்கள் ரேக் (கையிலிருக்கும் கருவித் தொகுப்பு) இதற்குப் போதாது. கை நன்றாக ஜாம் ஆகிற (உள்ளே இறுகி நிற்கிற) அகலத்துக்கு கேமலாட் 2 (சுமார் 37 முதல் 65 மி.மீ.) பொருந்தும். மூலைக்கு ஒன்று, விளிம்புக்கு ஒன்று என இரண்டு வேண்டும். விளிம்புக்கு மேல் அகலமான 2 மீட்டருக்கு 3. உள்மூலையின் மேல்பாதியே 1ஐயும் 2ஐயும் கேட்கும். இன்னொரு 1, இன்னும் இரண்டு 2 யாரிடமாவது இரவல் வாங்குங்கள். நட்டையெல்லாம் திட்டுக்கும் 11 மீட்டருக்கும் நடுவிலும், உச்சிக்குக் கீழேயும் செலவழியுங்கள். உச்சியில் ஆங்கருக்கு (உங்களைக் கட்டிக்கொண்டு செகண்டைப் பிடிக்கும் பிணைப்புக்கு) 0.4, 0.5, 0.75இல் ஒன்றிரண்டை ஒதுக்கிவிட்டு மறந்துவிடுங்கள், வழியில் தொடவே கூடாது.

---

சுண்ணாம்புக்கோடு எழுதியது:

அண்ணே, இழுவைக் கணக்கு சரி. ஆனா 6 மீட்டர்ல திட்டு இருக்குன்னு சொல்றாரே. மூலைல 120 போட்டா விழுற தூரம் கூடாதா? விளிம்பு பீஸ் (அங்க வைக்கிற பாதுகாப்பு) வைக்கிறதுக்கு முன்னாடி, கை வழுக்கினா காலு திட்டுல அடிக்கும். மூலைல 60 போட்டுட்டு, விளிம்புல கிளிப் பண்ணினதும் மூலை கராபினர்லேர்ந்து கயித்தை எடுத்துவிட்டுடலாம். ரூஃப் 1.5 மீட்டர்தான். 60 ஸ்லிங்கோட கராபினர் மூலைலேர்ந்து அரை மீட்டருக்கு மேல வெளிய வந்து தொங்கும், நடு ரூஃப்லேர்ந்து கை நீட்டினா எட்டும். எடுத்துட்டா கயிறு 12 மீட்டர்லேர்ந்து நேரா விளிம்புக்குப் போயிடும், 120ஐவிடச் சுத்தமா ஓடும். கேமும் ஸ்லிங்கும் அங்கேயே இருக்கட்டும், செகண்ட் எடுத்துட்டு வருவாரு.

---

ஓடுகயிறு எழுதியது:

திட்டைக் கவனித்தது நல்லது, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

லீடரின் இடுப்பு 15 மீட்டரில், அதாவது விளிம்புக்கு ஒரு மீட்டர் மேலே இருக்கிறது, விளிம்பு பீஸ் இன்னும் இல்லை என்று வைப்போம். மூலையில் 60: கராபினரிலிருந்து இடுப்பு வரை கயிறு சுமார் 2 மீட்டர். விழுந்தால் கராபினர் 13.4இல் தொங்கும், இடுப்பு 11.4. கயிற்றின் நீட்சி, கொஞ்சம் தொய்வு, பிலேயர் (கீழே கயிற்றைப் பிடித்திருப்பவர்) தூக்கப்படுவது எல்லாம் சேர்த்து 2 மீட்டர். இடுப்பு 9.4இல் நிற்கும், கால் சுமார் 8.4.

மூலையில் 120: கராபினர் ஏற்கனவே விளிம்புப் பக்கம் இழுபட்டிருப்பதால் அதற்கு அப்பால் இருக்கும் கயிறு குறைவு, சுமார் 1.8 மீட்டர். விழுந்தால் கராபினர் 12.8, இடுப்பு 11.0, நீட்சிக்குப் பின் 9.0, கால் 8. வித்தியாசம் 40 செ.மீ.தான். திட்டுக்கு மேல் இன்னும் 2 மீட்டர் கைவசம் இருக்கிறது.

உண்மையான ஆபத்து அதற்கு முன்னால். 11.5இல் ஒரு பீஸ் வைத்துவிட்டு ‘அடுத்தது மூலையில்தானே’ என்று ஏறுபவர் மூலையில் கேமைத் துழாவும்போது இடுப்பு 13.3இல் இருக்கும். அங்கே வழுக்கினால்: 60 ஸ்லிங்கின் கராபினர் 10.9, அதற்கு மேல் கயிறு 2.4, இடுப்பு 8.5க்கு வந்து நீட்சியோடு 6.5. கால் திட்டில் அடிக்கும். 12.8 அளவில் இன்னொன்று வைத்தால் அதே விழுதலில் கால் 8 மீட்டரில் நின்றுவிடும். ரூஃபைப் பார்த்துப் பயப்படுகிற கண் இந்த இடத்தைத் தவறவிடும்.

கயிற்றைக் கழற்றிவிடும் யோசனையை மறுக்கவில்லை. விளிம்பு கேம் கண்ணுக்கு முன்னால் தெளிவாக, நாலு இறக்கையும் பாறையில் படிந்து நின்றால் மட்டும் செய்யுங்கள். அது சந்தேகமாக இருக்கும்போது மூலையைக் கழற்றினால் விளிம்பு பிடுங்கியதும் 12.8தான் மிச்சம். 120 போட்டிருந்தால் கழற்றவே வேண்டாம் என்பதால் என் ஓட்டு அதற்கே.

---

முட்டிமடக்கு எழுதியது:

கயிறு பற்றிப் போதுமான அளவு வந்துவிட்டது. உடம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

மூலையில் ஓய்வு கிடைக்கும், அதை முழுசாக வாங்குங்கள். இரண்டு பக்கச் சுவரிலும் கால் அகட்டி நின்றால் எடை காலில் இறங்கும், கைகளை மாற்றி மாற்றி உதறலாம். கேம் வைப்பது, ஸ்லிங் நீட்டுவது, அடுத்த கேமைத் தயார் செய்வது எல்லாம் இங்கேயே முடிய வேண்டும். விளிம்புக்கான 2ஐ 60 ஸ்லிங்கோடும் கீழ் கராபினரோடும் சேர்த்து, எந்தக் கை விளிம்பில் காலியாக இருக்குமோ அந்தப் பக்கத்து ஹார்னஸ் (இடுப்பு வார்) முன் லூப்பில் தனியாக மாட்டுங்கள். மற்ற ரேக்கெல்லாம் பின்னால் போகட்டும். தோளில் குறுக்கே ரேக் மாட்டும் பழக்கம் இருந்தால் இந்த ரூட்டுக்கு வேண்டாம், ரூஃபுக்கு அடியில் எல்லாம் முகத்துக்கு முன்னால் வந்து தொங்கும்.

எந்தக் கை காலியாக இருக்கும் என்பதைக் கணக்குப் போட, மூலையிலிருந்து ஒருமுறை உடம்பை வெளியே சாய்த்து விளிம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். சாய்வதற்கு ரூஃப் கிராக்கில் முதல் ஜாம் வேண்டும், அதுவே ஒத்திகையும் ஆகிவிடும்.

1.5 மீட்டருக்கு மூன்று கை அசைவு போதும். உதாரணத்துக்கு இடது கை மூலையில் கிராக்கின் உள்விளிம்பைக் கீழிருந்து மேலாகப் பிடித்திருக்க, வலது கை 60–70 செ.மீ. வெளியே போய் ஜாம். இடது அதைத் தாண்டி இன்னொரு ஜாம். வலது விளிம்பு. ஜாம் வைக்கும்போது விரல்களை அடி வரை விட்டு, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக் கையைத் தடிமனாக்குங்கள். மணிக்கட்டை முறுக்கத் தேவையில்லை. முழங்கை நேராக இருக்கட்டும். கையை மடக்கித் தொங்கினால் இருபது நொடியில் முன்கை கல்லாகிவிடும்.

எல்லாம் கெடுவது காலில். கை வெளியே போகப் போகக் கால் பின்சுவரில் தாழ்ந்துகொண்டே போகும், உடம்பு நீளும், இடுப்பு தொங்கும், கடைசியில் இரண்டு காலும் ஒன்றாக அறுந்து விழும். ஒவ்வொரு கை அசைவுக்கு முன்னாலும் காலை ஒரு படி மேலே ஏற்றுங்கள். பின்சுவரில் ரூஃபுக்கு அரை மீட்டர் கீழ் வரை கால் வந்தாலும் அதிகமில்லை. இடுப்பைத் தூக்கி ரூஃபோடு ஒட்டுங்கள், பாதத்தால் சுவரைத் தள்ளுங்கள். இரண்டாவது ஜாமுக்குப் பிறகு பின்சுவர் எட்டாது. அப்போது ஒரு பாதத்தைப் பக்கவாட்டில் சாய்த்துக் கிராக்குக்குள் விட்டு, அதன் முன்பாதியின் இரண்டு ஓரமும் இரண்டு சுவரில் எதிரெதிராக அழுந்தும்படி திருப்புங்கள். கை அளவு கிராக்கில் பெரும்பாலானவர்களின் ஷூ முன்பாதி போகும்.

விளிம்பில் கேமை வைக்க வேண்டிய இடம் ‘கை எட்டுகிற முதல் நல்ல இடம்’. விளிம்பைத் தாண்டி முகத்துக்கு மேலே ஒரு அழகான ஒடுக்கம் தெரியும், அங்கே எட்டிக் கிளிப் செய்ய ஆசை வரும். தலைக்கு மேல் கிளிப் செய்ய இழுக்கும் கயிறு முழுக்கத் தொய்வு. கிளிப் ஆகும் முன் வழுக்கினால் அத்தனையும் விழும் தூரத்தில் சேரும். இடுப்பு மட்டத்தில் கிளிப் செய்துவிட்டு ஏறுவது எப்போதும் மலிவு.

விளிம்பைத் தாண்டும் அசைவுக்குக் குதிகால். வலது கை விளிம்புக்கு மேல் நல்ல ஜாம் ஆனதும் வலது குதிகாலை விளிம்பின்மேல் மாட்டி, முழங்காலை மடக்கி இடுப்பை அந்தக் குதிகாலின் பக்கம் இழுங்கள். கையால் புல்-அப் போட முயலாதீர்கள். இதைச் செய்கிற அந்த நொடியில் ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும்: கயிறு தொடைக்குப் பின்னால் சுற்றியிருக்கிறதா? குதிகால் மேலே போகும்போது, விளிம்பு கேமிலிருந்து வரும் கயிறு காலுக்குப் பின்பக்கம் மாட்டுவது வெகு சுலபம். அந்த நிலையில் விழுந்தால் தலைகீழாகப் புரட்டி, தலை ரூஃப் முனையில் மோதும். ஹெல்மெட் வேண்டுமா என்ற கேள்வியே இங்கே இல்லை.

இந்த வகை ரூஃபுக்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தின் ரோச்சஸ் பாறையில் இருக்கும் ‘தி ஸ்லாத்’. டான் வில்லன்ஸும் ஜோ பிரவுனும் 1954இல் முதலில் ஏறியது, பிரிட்டிஷ் கிரேடில் எச்.வி.எஸ். (ஹார்ட் வெரி சிவியர்) 5ஏ. பெரிய ரூஃப், பிடிப்புகளும் பெரியவை. கேம் விற்பனைக்கு வந்தது 1978இல்தான். அந்த ஐம்பதுகளில் இப்படிப்பட்ட ரூஃபைக் கடந்தவர்கள் பெரும்பாலும் பாறைத் தகட்டிலும் இடுக்கில் சிக்கிய கல்லிலும் ஸ்லிங்கைச் சுற்றிவிட்டுத்தான் போனார்கள். அந்த ஸ்லிங்குகள் இயல்பாகவே நீளமாகத் தொங்கின என்பதை நினைத்துப் பாருங்கள். குட்டைக் குயிக்ட்ராவோடு ரூஃபுக்குள் போவது ஸ்போர்ட் (போல்ட் அடித்த) ரூட்டிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

---

கருங்கல்_கை எழுதியது:

12.8 கணக்கைப் படித்ததும் ஏறுகிற வரிசையையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. அனைவருக்கும் நன்றி. மிச்சம் செகண்ட் பற்றி. அவர் ரூஃபில் விழுந்தால் என்ன நடக்கும், முன்கூட்டியே என்ன செய்து வைக்க வேண்டும்? இன்னொன்று, 8.5 மி.மீ. ஹாஃப் கயிறு (இரண்டாகக் கொண்டுபோய் மாற்றி மாற்றி மாட்டும் மெல்லிய கயிறு) இரண்டு கிடைக்கும் போலிருக்கிறது. மாற்றிவிடலாமா?

---

நங்கூரம் எழுதியது:

செகண்ட் ரூஃபில் விழுந்தால் அடிபடுவது அபூர்வம், மாட்டிக்கொள்வது சகஜம். மூலைக் கேமை எடுத்த பிறகு கயிறு அவரிடமிருந்து நேராக விளிம்புக்குப் போகிறது. கை வழுக்கினால் வெளிப்பக்கம் ஆடி, விளிம்புக்கு நேர் கீழே, சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி அந்தரத்தில் நிற்பார். சுவரும் எட்டாது, ரூஃபும் எட்டாது. மேலே இருப்பவர் ஆளைக் கையால் இழுத்துத் தூக்க முடியாது. இதற்கு வழி இரண்டு.

ஒன்று, இறக்கிவிடுவது. 25 மீட்டர் ரூட்டில் 60 மீட்டர் கயிறு, எங்கே தொங்கினாலும் தரை வரை இறக்கலாம். பலர் செகண்டை ஆங்கரிலிருந்து கைடு மோடில் (கருவியை நேராக ஆங்கரில் மாட்டி, கயிறு தானாக இறுகும்படி) பிலே செய்கிறார்கள். அது பிடித்துக்கொள்வதில் கெட்டி, ஆனால் முழு எடையும் தொங்கும்போது அதைத் தளர்த்தி இறக்குவது நேரம் தின்னும் வேலை, பழக்கமில்லாதவருக்கு ஆபத்தும்கூட. இந்த ரூட்டுக்கு ஆங்கரில் ஒரு பேரிக்காய் வடிவ லாக்கிங் கராபினர், அதில் முன்டர் முடிச்சு. கயிறு இரண்டு பக்கமும் ஓடும், எதையும் மாற்றாமல் அப்படியே இறக்கலாம். கயிறு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், பரவாயில்லை.

மற்றது, செகண்ட் தானே கயிற்றில் ஏறுவது. அவர் ஹார்னஸில் 6 மி.மீ. துணைக்கயிற்றில் முடிந்த இரண்டு புருசிக் வளையங்கள் (எடை விழுந்தால் கயிற்றை இறுகப் பிடிப்பவை) இருக்க வேண்டும். மேலே உள்ள வளையம் பிலே லூப்பில், கீழே உள்ளதில் 120 ஸ்லிங் கோத்துக் கால் மிதி. ஒரு மீட்டர் ஏறினால் விளிம்பு கைக்கு வந்துவிடும். இதைத் தரையில் ஒரு மரக்கிளையிலோ முதல் பாதுகாப்பிலோ கயிற்றைப் போட்டு முன்கூட்டியே பழகிவிட்டு வரட்டும். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு முதல்முறை கற்றுக்கொள்கிற விஷயமில்லை இது.

எடுக்கும் வரிசையும் முக்கியம். மூலைக் கேமை மூலையில் கால் அகட்டி நிற்கும்போதே எடுத்து, ஸ்லிங்கோடு ஹார்னஸில் மாட்டிவிட்டு, ‘டைட்’ கேட்டு, அதன் பிறகே ரூஃபுக்குள் போக வேண்டும். நடு ரூஃபிலிருந்து திரும்பி வந்து எடுக்க முடியாது. விளிம்பு கேமைக் குதிகால் விளிம்பின்மேல் ஏறிய பிறகு தொடட்டும். அதற்கு முன் எடை கயிற்றில் இருந்தால் கராபினரில் கயிறு இறுகியிருக்கும், கழற்ற வராது. கேம் உள்ளே நகர்ந்திருந்தால் நட் டூல் (சிக்கியதைக் கிளறி எடுக்கும் கம்பி) வேண்டும். அது வார்க்கயிற்றில் கட்டியிருக்கட்டும், ரூஃபில் கை தவறினால் நேராகத் தரைதான்.

நீங்கள் ஆங்கர் போடும் இடத்தையும் யோசியுங்கள். உச்சியில் நாலு மீட்டர் உள்ளே தள்ளிப் பாறை நல்லதாக இருக்கும், அங்கேயே உட்கார்ந்து பிலே செய்தால் செகண்ட் கண்ணில் படமாட்டார், குரலும் வராது. பீஸ்களை உள்ளே வைத்து, போதிய நீளமுள்ள 7 மி.மீ. துணைக்கயிற்றாலோ ஏறிய கயிற்றாலோ நீட்டி, நீங்கள் உச்சி விளிம்புக்கு வந்து உட்காருங்கள். அப்போதும் ரூஃபுக்கு அடியில் நடப்பது தெரியாது. எனவே தரையிலேயே பேசி வையுங்கள்: குரல் கேட்காவிட்டால், பிலேயர் கயிறு முழுக்க மேலே போய்த் தன் இடுப்பில் இறுகும் வரை பிலேயிலிருந்து கையை எடுக்கக்கூடாது. கயிற்றை மூன்று தடவை இழுத்தால் இன்ன பொருள் என்ற ஏற்பாட்டை ரூஃபில் நம்பாதீர்கள். லீடர் கிளிப் செய்ய இழுப்பதும் சைகைக்கு இழுப்பதும் கீழே ஒரே மாதிரிதான் தெரியும்.

---

சுண்ணாம்புக்கோடு எழுதியது:

அண்ணே சொன்ன கணக்கு புரிஞ்சுது, 120தான் சரி.

ஹாஃப் கயிறு பத்தி: கிடைச்சா எடுங்க. இந்த ரூட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். ஒரு கயிறு உள்மூலைக்கும் ரூஃப் மூலைக்கும். இன்னொரு கயிறை அதுவரைக்கும் எதுலயும் மாட்டாம, முதல் தடவையா விளிம்புல மாட்டுங்க. அது பிலேயர்கிட்டேர்ந்து நேரா விளிம்புக்குப் போகும், இழுவையே இருக்காது. விளிம்புக்கு மேல எல்லாம் அந்தக் கயித்துலயே. ரெண்டையும் ஒரே கராபினர்ல சேர்த்து மாட்டாதீங்க, ரெண்டும் வேற வேற வேகத்துல ஓடி ஒண்ணை ஒண்ணு உரசும்.

ஆனா மூணு விஷயம் பாருங்க. பிலேயர் ரெண்டு கயித்தையும் தனித்தனியா விட்டு வாங்கத் தெரிஞ்சவரா இருக்கணும், ஒண்ணு கொடுக்கும்போதே இன்னொண்ணு வாங்க வேண்டி வரும். ரெண்டாவது, வசதியா இருக்கேன்னு அவர் சுவரை விட்டுத் தள்ளிப் போய் விளிம்புக்கு நேர் கீழ நிக்கக் கூடாது. நீங்க விழுந்தா உள்மூலைக் கயிறு இறுகி வெளிப்பக்கமா இழுக்கும், கீழ இருக்கற நட்டெல்லாம் ஒண்ணொண்ணா கழண்டு மேல வரைக்கும் போயிடும். திட்டுக்கு மேல முதல் பீஸ் எந்தப் பக்கம் இழுத்தாலும் நிக்கிற கேமா இருக்கட்டும், நட்டு வேண்டாம். இது ஒத்தைக் கயித்துக்கும் பொருந்தும்.

மூணாவது புருசிக். 9.8 கயித்துல 6 மி.மீ. நல்லாப் பிடிக்கும். 8.5 ஒத்தை இழைல அதே 6 வழுக்கலாம். ஒரு சுத்து கூடப் போட்டுப் பாருங்க, இல்லேன்னா 5 மி.மீ. வளையம் கட்டிக்குங்க. தரைல எடை போட்டு இழுத்துப் பார்த்துட்டு அப்புறம் செகண்ட்கிட்ட கொடுங்க.